கண்மணி அளவு

இரவு பதினொன்று நாற்பது.
நூற்றெட்டு வண்டியில் வந்தவனுக்கு முன்னால்
அவன் சட்டை வார்டுக்குள் நுழைந்தது,
அழுகிய பூண்டு வாசனையாக.

மாதையன், முப்பத்தெட்டு, மாரண்டஅள்ளி.
குடித்தானா, எதிர்காற்றில் அடித்தானா
என்று போலீஸ் தாளில் ஒரு கட்டம் உண்டு.
என் தாளில் வேறு கட்டம்: கண்மணி அளவு.
டார்ச் அடித்துப் பார்த்தேன்.
ஊசிமுனையால் குத்தினதுபோல
இரண்டு புள்ளி.

வாயில் நுரை. கண்ணில் நீர்.
நெஞ்சில் குழாய் வைத்தால்
சின்னாற்று மதகு திறந்த சத்தம்.
மூன்று போர் போட்டும் ஈரம் காணாத நிலம் என்றாள்
அவன் பெண்சாதி.
அந்த நிலத்துக்காரன்
தன் தண்ணீரிலேயே மூழ்கிக்கொண்டிருந்தான்.

அட்ரோபின் உடை. ஏற்று.
ஐந்து நிமிடம்.
நாடி பார். அக்குளில் கை விடு.
ஈரம்.
இரட்டிப்பாக்கு. ஏற்று.
ஐந்து நிமிடம்.

கேனுலாவுக்கு இடம் வேண்டி
மணிக்கட்டுக் கறுப்புக் கயிற்றைக் கத்தரித்தபோது
பார்மகாலஜி மேடம் நினைவுக்கு வந்தார்.
இந்த மருந்தின் பெயருக்குள்
ஒரு கிரேக்கத் தேவதை இருக்கிறாள் என்பார்,
உயிர்நூலை அறுப்பவள்.
பரீட்சைக்கு வராதென்று சிரித்தோம்.
இன்னொன்றும் சொன்னார்:
இத்தாலிய அழகிகள் அந்தச் செடியின் சாற்றைக்
கண்ணில் சொட்டுச் சொட்டாய் விட்டுக்கொண்டு
மணி விரிந்து, எதிரே வருபவர் முகம் தெரியாமல்
கிறக்கமாய் நடந்தார்களாம்.

அந்தச் செடி தருமபுரியில் இல்லை.
அதற்கு உறவுக்காரி இருக்கிறாள்,
எங்கள் ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால்,
வெள்ளை எக்காளமும் முள்ளுக்காயுமாய்,
ஊமத்தை.
இழுப்புக்காரர்கள் இலையைச் சுருட்டிப் புகைத்தார்கள்.
நாய்க்கடிக்கு வெல்லத்தில் வைத்துக் கொடுத்தார்கள்.
பிடிக்காதவன் குழம்பில் விதையும் போட்டார்கள்.
செடி ஒன்றுதான்.
கை எவ்வளவு அள்ளியது என்பதுதான் கேள்வி,
ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை என் கையும்.

பெரிய குடும்பம் அது.
கத்தரி, மிளகாய், கண்டங்கத்தரி,
வாய்ப்புண்ணுக்கு மணத்தக்காளி,
கெட்ட பேரெடுத்த புகையிலை.
தக்காளியும் அந்த வீட்டுப் பெண்தான்.
தங்கச்சியைப் புழு தின்னாமல் இருக்க அடித்த விஷத்துக்கு
அக்காளைப் பிழிந்து
ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.

மூன்று மணிக்கு அக்குள் காய்ந்தது.
நாடி நூற்றிருபது.
புள்ளி விரிந்து விரிந்து
கறுப்புத் திராட்சை ஆகியிருந்தது.

அப்புறம்தான் அவன் பறிக்க ஆரம்பித்தான்.
கட்டிலுக்கு மேலே, வெறும் காற்றில்,
இரண்டு விரலால் காம்பைத் திருகி
ஒவ்வொன்றாய் இடுப்போரம் போட்டான்.
சிலதைத் தொட்டுப் பார்த்து விட்டுவிட்டான்,
பழுக்கவில்லை போல.
"கெம்பம்மா, கிரேடு எடுத்தா.
பாலக்கோட்டு வண்டி போயிரும்."

மருந்து அதிகமாகிவிட்டது, குறை என்றார் டாக்டர்.
குறைத்தேன்.
கையைக் கட்டு என்றார்.
ஒரு வரிசை முடியட்டும் என்று
பேண்டேஜைத் தேடுவதுபோல் நின்றேன்.

ஆறாம் நாள் ஏட்டையா கட்டத்தை நிரப்ப வந்தார்.
மாதையன் ஜன்னலைப் பார்த்து
"காத்துங்க" என்றான்.
கெம்பம்மா தரையைப் பார்த்தாள்.
அவர் எழுதிக்கொண்டார்.
கண்மணி அளவு என்று நானும் எழுதினேன்:
மூன்று மில்லிமீட்டர், இரண்டும் சமம்.

வீட்டுக்குப் போகிற அன்று
ஒரு மஞ்சள் பையை நீட்டினாள் அவள்.
பத்துப் பதினைந்து தக்காளி.
நான் தயங்கியது எதற்கென்று
அவளுக்குத் தெரிந்துவிட்டது.
"மருந்தடிச்சது இல்ல சிஸ்டர்.
விக்கிறது வேற.
இது எங்க வீட்டுக்குன்னு வெச்ச ரெண்டு செடி."

மறுநாள் ரசத்துக்கு நறுக்கினேன்.
மூன்றாவது பழத்தில் ஒரு புழு,
உயிரோடு.